அம்மாவை நடக்க விடலாமா?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: "அம்மாவுக்கு 78 வயது. பிறஷருக்குக் குளிசை எடுக்கிறார். விடியற்காலையில் குளியலறை வாசலில் இரண்டு முறை விழுந்துவிட்டார். இனி நடக்கவேண்டாம் என்று சொல்லி, உதவிக்கு ஒரு பிள்ளையை வைத்திருக்கிறோம். இது சரியா?"

ஆள் வைத்தது சரி. நடக்கவேண்டாம் என்றது சரியில்லை. கதிரையிலேயே இருத்தி வைத்தால் சில வாரங்களில் தொடைத் தசை பலமிழந்துவிடும். அப்புறம் எழும்பும்போதே விழுவார்.

இரண்டு முறையும் ஒரே நேரம், ஒரே இடம். எனக்கு அதுதான் உறுத்துகிறது. படுக்கையிலிருந்து சடாரென்று எழும்பினால் சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கும். சலம் முட்டிக்கொண்டு வரும்போது யார்தான் ஆறுதலாக எழும்புவார்கள்? படுத்திருக்கையில் ஒரு தடவை, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பிறஷர் பாருங்கள். தலை சுற்றினால் உடனே இருத்திவிடுங்கள். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள். சலம் போகும் குளிசையை மாலையில் எடுக்கிறாரா, நித்திரைக் குளிசை உண்டா என்பதையும் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம்.

உதவிக்கு நிற்பவர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். இழுத்தால் தோள் நோகும், நிலையும் தடுமாறும். அம்மா கட்டில் விளிம்புக்கு வந்து, இரண்டு பாதமும் தரையில் பட ஒரு நிமிடம் இருந்து, கணுக்காலை ஆட்டிவிட்டு, முன்னே சாய்ந்து தானே எழும்பட்டும். பலம் குறைந்த காலின் பக்கமாக, சற்றுப் பின்னால் பிள்ளை நின்றால் போதும்.

வழியில் இரவு முழுக்க ஒரு சின்ன லைட் எரியட்டும். வழுக்கும் கால்மிதியையும் தேய்ந்த செருப்பையும் வீசிவிடுங்கள். பிடிகம்பியைச் சுவரில் துளைத்துப் பூட்டவேண்டும். நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் ஐயா துவாய் போடும் கம்பியைப் பிடித்துத்தான் மாதக்கணக்கில் எழும்பியிருக்கிறார். தொட்டுப் பார்த்தேன், ஒரு பக்க ஆணி பாதி வெளியே வந்திருந்தது.

மறுபடி விழுந்தால் பதறித் தூக்கவேண்டாம். இடுப்பு நோகிறது என்றாலோ, ஒரு கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தாலோ, அசைக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர் தலை அடிபட விழுந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.