மவுஸை வைத்தால் பொருள் தெரிய வேண்டும்: வேர்டில் எப்படி?

நிலாவெளியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "கரைவலைத் தொழில் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். சம்மாட்டி, மடி, வாடி என்று எங்கள் கரையோரச் சொற்கள் நிறைய வருகின்றன. கட்டுரையைத் திருத்தப்போகும் ஆசிரியர் கொழும்பில் இருக்கிறார், அவருக்கு இவை பழக்கமில்லை. ஒவ்வொன்றுக்கும் அடைப்புக்குறி போட்டால் வாசிக்கவே முடியாது. சொல்லின் மேல் மவுஸை வைத்தால் மட்டும் பொருள் சின்னப் பெட்டியாக எழும்ப வேண்டும். மைக்ரோசொஃப்ட் வேர்டில் செய்யலாமா?"

செய்யலாம். ஆனால் வேர்டில் இதற்கென்று தனிப் பொத்தான் எதுவும் இல்லை. லிங்க் கொடுத்த சொல்லின் மேல் மவுஸை வைத்தால் ஒரு சின்னக் குறிப்புப் பெட்டி எழும்பும். வேறு வேலைக்கு வைத்திருக்கும் அந்த லிங்க் வசதியைத்தான் நமக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ள வேண்டும்.

பொதுவாகச் சொல்லித்தரும் முறை, அதே சொல்லுக்கு ஒரு புக்மார்க், அதாவது அந்த இடத்துக்கு ஓர் அடையாளப் பெயர், போட்டு, அந்தச் சொல்லிலிருந்து அதற்கே லிங்க் கொடுப்பது. கிளிக் செய்தாலும் கர்சர் எங்கும் ஓடாது, பெட்டி மட்டும் தெரியும். எனக்கு இதில் பெரிய விருப்பமில்லை. லிங்க் கொடுப்பதென்று ஆகிவிட்டால் அது உருப்படியான ஓர் இடத்துக்குப் போகட்டுமே. கட்டுரையின் கடைசியில் ஒரு சொல்லடைவு எழுதுங்கள். "மடி: கரைவலையின் நடுவில் இருக்கும் பை. இரண்டு பக்கக் கயிறுகளையும் கரையிலிருந்து இழுக்க, வளைபட்ட மீன் கடைசியில் வந்து சேரும் இடம்" என்று விரிவாகவே எழுதலாம். அந்த வரியைத் தெரிவுசெய்து, இன்சர்ட் பட்டியலில் புக்மார்க்கை அழுத்தி ஒரு பெயர் கொடுங்கள். பெயரில் இடைவெளி விடக்கூடாது, இலக்கத்தில் தொடங்கவும் கூடாது. ஆங்கில எழுத்தில் வைத்தால் வம்பில்லை.

இனி கட்டுரைக்குள் 'மடி' முதன்முதலில் வரும் இடத்துக்குப் போங்கள். சொல்லைத் தெரிவுசெய்து கொன்ட்ரோலும் கே-யும் அழுத்தினால் லிங்க் பெட்டி திறக்கும். இடப்பக்கத்தில் 'ப்ளேஸ் இன் திஸ் டொக்கியூமென்ட்', அதற்குள் நீங்கள் வைத்த புக்மார்க். ஓகே கொடுக்க அவசரப்படாதீர்கள். வலப்பக்க மூலையில் 'ஸ்க்ரீன்டிப்' என்றொரு சின்னப் பொத்தான் இருக்கிறது, பலரின் கண்ணில் அது படுவதே இல்லை. அதற்குள் "வலையின் நடுப்பை" என்று இரண்டே சொல் போடுங்கள். மவுஸை வைத்தால் இந்தச் சுருக்கம் தெரியும், கிளிக் செய்தால் முழு விளக்கத்துக்குப் போகும். வாசித்த இடத்துக்குத் திரும்ப, ஓல்ட் விசையோடு இடப்பக்க அம்புக்குறி.

லிங்க் கொடுத்த சொல் நீலமாகி அடிக்கோடும் விழுந்திருக்கும். அந்தச் சொல்லைத் தெரிவுசெய்து கொன்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்தினால் அலங்காரம் போய்விடும், லிங்க் அப்படியே இருக்கும். அடியோடு மறைத்துவிட்டால் அங்கே குறிப்பு இருப்பதே ஆசிரியருக்குத் தெரியாது. மெல்லிய புள்ளிக்கோடு ஒன்று போட்டு வையுங்கள்.

பெட்டியில் உங்கள் குறிப்புக்குக் கீழே, கொன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கிளிக் செய்யுமாறு ஆங்கிலத்தில் ஒரு வரியும் வரும். வேர்டின் ஒப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் அதை நிறுத்தலாம். ஆனால் அந்த அமைப்பு கணினியோடு சேர்ந்தது, கோப்போடு போகாது. உங்கள் வீட்டில் மறைந்த வரி கொழும்பில் திரும்ப வந்து நிற்கும்.

இனி நம் பக்கத்துக்கே உரிய ஒரு வில்லங்கம். பாமினி எழுத்துருவிலா தட்டச்சு செய்கிறீர்கள்? அப்படியென்றால் இந்தப் பெட்டிக்குள் தமிழ் வராது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கும் எழுத்துரு. பக்கத்தில் எழுத்துருவை நாம் மாற்றிக்கொள்ளலாம், குறிப்புப் பெட்டியோ விண்டோஸின் சொந்த எழுத்தில்தான் காட்டும். பாமினியில் அடித்த 'மடி' அங்கே கே, பி என்று இரண்டு ஆங்கில எழுத்தாக முழித்துக்கொண்டு நிற்கும். ஆகவே ஸ்க்ரீன்டிப்பை மட்டுமாவது யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் முறையில், அடியுங்கள். முழுக் கட்டுரையையுமே யூனிகோடுக்கு மாற்றினால் இன்னும் நல்லது, பிறகு சொற்களைத் தேடவும் சிரமம் இருக்காது.

லிங்க் வேலை தலையிடியாக இருந்தால் அடிக்குறிப்பு போதும். ஓல்ட், கொன்ட்ரோல், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண் விழும். அந்த எண்ணின் மேல் மவுஸை வைத்தாலே அடிக்குறிப்பு பெட்டியாக எழும்பும். எழும்பாவிட்டால் ஒப்ஷன்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் 'ஷோ டொக்கியூமென்ட் டூல்டிப்ஸ் ஒன் ஹோவர்' என்பதில் சரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சொல்லின் மேலேயே பெட்டி வர வேண்டும் என்று கேட்டதால்தான் இதை இரண்டாவதாகச் சொல்கிறேன். நாற்பது ஐம்பது சொல் என்றால் நானே அடிக்குறிப்புக்குத்தான் போவேன்.

ஆசிரியர் கட்டுரையை எதில் வாசிப்பார் என்பதையும் கேட்டு வையுங்கள். தாளில் ஸ்க்ரீன்டிப் வராது. கைபேசியில் விரல்தான் இருக்கிறது, மேலே வைத்துப் பார்க்க மவுஸ் இல்லை. பிடிஎஃப் ஆக்கினால் லிங்க் தப்பிப் பிழைக்கும், குறிப்பு பெரும்பாலும் காணாமல் போகும். ஒருமுறை ஒரு விழா மலருக்கு நான் பெட்டி பெட்டியாகக் குறிப்பு வைத்துக் கொடுத்தேன். அச்சாகி வந்ததில் ஒரு குறிப்பும் இல்லை, புள்ளிக்கோடுகள் மட்டும் வரிசையாக இருந்தன. சொல்லடைவை முதலில் எழுதச் சொன்னது அந்த அனுபவத்தில்தான். பெட்டி போனாலும் கடைசிப் பக்கத்தில் மடியும் வாடியும் பொருளோடு இருக்கும்.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் எல்லா இடத்திலும் குறிப்பு வைக்க வேண்டியதில்லை. புதிய அத்தியாயம் தொடங்கும்போது மட்டும், முன்பு லிங்க் கொடுத்த சொல்லைக் கொப்பி செய்து ஒட்டுங்கள். ஸ்க்ரீன்டிப்பும் கூடவே வந்துவிடும்.