பழைய வொக்ஸ்வேகன் கொம்பி கேம்பரை மலையகத்தில் வைத்து ஓட்ட முடியுமா? எதை முதலில் மாற்ற வேண்டும்?

ஓட்டலாம், தாராளமாக. ஆனால் கேள்வியில் நீங்கள் போட்டிருக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. தோட்டத்து பங்களா ஒன்றின் கராஜில் 70களின் கொம்பி கிடக்கிறது, கூரை தூக்கும் கேம்பர் (உள்ளேயே படுத்துச் சமைக்கக்கூடிய வேன்), ஸ்டார்ட் ஆகிறது, வாங்கி கட்டில், பிரிட்ஜ், சோலார், மேலே கேரியர் எல்லாம் போட்டு நுவரெலியா, எல்ல பக்கம் குடும்பத்தோடு சுற்ற ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டிலும் பிரிட்ஜும் கடைசி. முதலில் பிரேக், பெற்றோல் குழாய், கூரை ஒழுக்கு. இந்த மூன்றுக்கும் செலவழித்த பிறகு கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பலகை வாங்கப் போக வேண்டும். நான் ஹட்டன் பக்கம். இதே வகை வண்டி ஒன்று என்னிடமும் இருக்கிறது, பழைய வாகன வேலைதான் பிழைப்பும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்த வண்டியின் 1600 இன்ஜினுக்குப் புதிதாக இருந்தபோதே 50 குதிரைவலுதான். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட 17 சதவீதம் குறைவு, ஆக மேலே போய்ச் சேரும்போது உங்களிடம் இருப்பது நாற்பது சொச்சம் குதிரைதான், அதுவும் இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால். அதனால் உள்ளே வைக்கும் ஒவ்வொரு சாமானையும் தூக்கிப் பார்த்து வையுங்கள். உங்கள் ஊர் மர ஆலையில் கிறேண்டிஸ் என்ற யூக்கலிப்டஸ் பலகை மலிவாகக் கிடைக்கும், அதில் அலுமாரி செய்யலாம் என்று தச்சு பாஸ் சொல்வார், கேட்காதீர்கள், கல்லு மாதிரி கனக்கும். 9 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் போதும். கூரை மேல் கேரியர் வேண்டவே வேண்டாம். தூக்கும் கூரையின் மூட்டுக்கும் அது கேடு, றம்பொடை வளைவுகளில் வண்டி சாய்வதும் கூடும். டயர் மாற்றினால் 185 ஆர் 14 சி, அந்தக் கடைசி 'சி' முக்கியம், அது பாரம் தாங்கும் வேன் டயர். அளவு ஒத்துப்போகிறது என்று கார் டயர் மாட்டிவிடும் கடைகள் இருக்கின்றன.

எல்லோரும் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஏற்றத்தில் இழுக்காவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக் போனால் என்ன ஆகும் என்பதை எல்ல – வெல்லவாய பாதையிலோ நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையிலோ ஓட்டுபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொம்பிக்கு முன் சில்லில் டிஸ்க் வந்தது 1971 மொடலில் இருந்துதான். அதற்கு முந்தியது என்றால் நாலு பக்கமும் டிரம், நீண்ட இறக்கத்தில் சூடேறினால் மிதிக்க மிதிக்கப் பிடிக்காது. முந்திய மொடல்தான் கிடைக்கிறது என்றால் பின்னைய மொடலின் முன்பக்க டிஸ்க் செட்டை முழுதாகத் தேடி மாட்டுவது நல்லது, இந்த வண்டியில் செய்யத்தக்க பெரிய மாற்றம் என்று நான் ஒப்புக்கொள்வது அது ஒன்றைத்தான். டிஸ்க் இருந்தாலும் ரப்பர் ஹோஸ் நாலையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும், பிரேக்கை விட்ட பிறகும் ஒரு சில்லு பிடித்துக்கொண்டே வரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 புதிதாக இருக்கும்போது கொதிக்க 230 பாகை வேண்டும், ஈரம் ஏறியதும் 155க்கு இறங்கிவிடும். வெயில் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பார்கள், நம் பக்க ஈரத்துக்கு நான் வருடா வருடம் மாற்றுகிறேன். மற்றபடி லொறிக்காரர்கள் சொல்வதுதான்: ஏறின கியரிலேயே இறங்கு. ஹேண்ட்பிரேக்கை நம்பி மேட்டில் வண்டியை விட்டுவிட்டுத் தூங்காதீர்கள், லொறி கிளீனர்கள் சில்லுக்குப் போடுகிற மாதிரி இரண்டு மரக்கட்டை எப்போதும் உள்ளே இருக்கட்டும்.

ஏறும்போது பெற்றோல் மிச்சம் என்று மேல் கியரிலேயே இழுத்து ஓட்டும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. தண்ணீர் ரேடியேட்டர் உள்ள வண்டிக்கு அது அவ்வளவு கேடு செய்யாது. கொம்பியில் இன்ஜினை ஆற்றுவது காற்று, அந்தக் காற்றைத் தள்ளும் விசிறி இன்ஜின் சுற்றும் வேகத்துக்கு ஏற்பத்தான் சுற்றும். மூன்றில் திணறிக்கொண்டு ஏறினால் சுமை உச்சம், காற்றோ குறைவு, சூடு அப்படியே இன்ஜினின் தலைப்பகுதியில் நிற்கும். சத்தம் போட்டாலும் பரவாயில்லை, இரண்டாம் கியருக்கு இறங்குங்கள். விசிறி பெல்ட் அறுந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும், அடுத்த கடை வரைக்கும் போகலாம் என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்த வேண்டும். உபரி பெல்ட் ஒன்றும் அதை மாற்றும் சாவியும் வண்டியிலேயே இருக்கட்டும்.

இன்ஜினைச் சுற்றி இருக்கும் தகடுகளையும் அவற்றின் ஓரத்து ரப்பரையும் பாருங்கள். பல கராஜ்களில் இவற்றைத் தேவையில்லாத தகரம் என்று கழற்றி எறிந்திருப்பார்கள். அவை இல்லாவிட்டால் கீழே வெளியேறும் சூடான காற்றையே விசிறி திரும்ப உறிஞ்சும். எண்ணெய் இரண்டரை லீற்றர்தான் பிடிக்கும், 1600இல் பில்டரும் கிடையாது, அடியில் ஒரு கம்பி வலை மட்டும், ஆகவே 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அப்படியே டெபட்டும், அதாவது வால்வு இடைவெளியும், பார்த்துவிடுங்கள், இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் 0.15 மில்லிமீற்றர்.

இப்போது நம் மலைக்கே உரிய ஒரு வியாதி. தலவாக்கலை தாண்டிப் பனிமூட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், வண்டி நன்றாகத்தான் வந்தது, திடீரென்று ஐட்லிங் நிற்காது, அக்சிலேட்டரை விட்டால் அணைந்துபோகும். ஓரங்கட்டி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். கராஜில் காட்டினால் பெற்றோல் பம்ப், கொயில் என்று ஒவ்வொன்றாக மாற்றச் சொல்வார்கள். அடுத்த முறை அணைந்ததும் உடனே பின்கதவைத் திறந்து கார்புரேட்டருக்குக் கீழே உள்ள குழாயைத் தொட்டுப் பாருங்கள், வெளியே வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். பெற்றோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், ஈரக்காற்றும் 10, 12 பாகைக் குளிரும் சேர்ந்தால் கார்புரேட்டர் தொண்டைக்குள் ஐஸ் கட்டிவிடும், நின்றால் இன்ஜின் சூட்டில் அதுவே உருகிவிடும். இதற்காகத்தான் சைலன்சரில் இருந்து சூடான புகையை அந்தக் குழாய்க்கு அடியில் கொண்டுபோகும் மெல்லிய பைப் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பழைய வண்டிகளில் அது கரி பிடித்து இறுகி அடைத்திருக்கும். கழற்றிக் கெட்டிக் கம்பி விட்டுக் குத்தி எடுக்க வேண்டும், அரை நாள் வேலை, பொறுமை வேண்டும். ஏர் கிளீனருக்குச் சூடான காற்று கொண்டுவரும் ஹோஸும் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பு பாஸ்மாருக்கு இந்த வியாதி அவ்வளவாகத் தெரியாது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அங்கே ஐஸ் கட்டுவதற்குக் குளிர் ஏது?

கார்புரேட்டர் பேச்சு வந்ததால் அதற்குள் பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளையான ஜெட்டையும் சொல்லிவிடுகிறேன். உயரத்தில் காற்று மெல்லியது, பெற்றோல் கூடுதலாகப் போகும், பிளக் கறுக்கும், புகைப் பரிசோதனையில் தகராறு வரலாம். அதற்காக ஓர் அளவு சின்ன ஜெட் போடச் சொல்வார்கள். வண்டி மேலேயே இருக்கும் என்றால் போடுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை கொழும்புக்கோ திருகோணமலைக்கோ இறங்குவதென்றால் தொடாதீர்கள். கீழே அதே சின்ன ஜெட்டில் பெற்றோல் போதாமல் இன்ஜின் சூடேறி வால்வைச் சுட்டுவிடும். மேலே கொஞ்சம் கறுப்புப் பிளக் பரவாயில்லை.

பெற்றோல் ஹோஸுக்கு வருவோம், இதில் விளையாட்டு இல்லை. கராஜில் வருடக்கணக்காகக் கிடந்த வண்டி என்கிறீர்கள், அப்படியானால் துணி பின்னிய அந்தப் பழைய ஹோஸ் கையால் வளைத்தால் பிளக்கும். கொம்பி தீப்பிடித்தது என்று கேள்விப்படும் கதைகளில் பெரும்பாலும் காரணம் இதுதான். தாங்கியில் இருந்து கார்புரேட்டர் வரை எல்லாத் துண்டுகளையும் ஒரே தடவையில் மாற்றி ஒவ்வொரு நுனிக்கும் கிளிப் போடுங்கள். இன்ஜின் அறைக்குள் பிளாஸ்டிக் பில்டர் தொங்கினால் அதை வெளியே, இன்ஜின் சூடு படாத இடத்துக்கு மாற்றுங்கள். 1600 இன்ஜினின் உடம்பு மக்னீசியம் கலந்த உலோகம், அது பற்றினால் தண்ணீர் ஊற்றுவது தீயை இன்னும் கிளப்பும். ஆகவே பெற்றோல் தீ அதுவரை போகுமுன் அணைக்க உலர் தூள் அணைப்பான் ஒன்று டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், கட்டிலுக்கு அடியில் இருந்து பிரயோசனமில்லை.

தண்ணீர் ஒழுக்கு. கரையோரத்து உப்புக் காற்று இங்கே இல்லை, சரி, ஆனால் நனைந்தது காய்வதில்லை. கூரை ஓரத்துத் தவாளி, ஜன்னல் ரப்பரின் கீழ் மூலைகள், பற்றரி வைக்கும் தட்டு, சறுக்குக் கதவின் அடி, இவைதான் முதலில் அரிக்கும். வாங்கப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோய் இந்த இடங்களில் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் இருப்பது புட்டி. அடியில் பழைய இன்ஜின் எண்ணெய் அடித்திருந்தால் டிங்கரிங் பாஸ் வெல்டிங் வைக்குமுன் சுரண்டித் துடைக்கச் சொல்லுங்கள். தவாளி, கூரைப் பொருத்து எல்லாம் சீல் செய்வதற்கு உலோகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அதற்கு ஹட்டன், நுவரெலியா பக்கம் பெப்ரவரி, மார்ச்சை விட்டால் தோதான மாதம் கிடையாது. அதைத் தவறவிட்டால் ஜூலை, ஓகஸ்டில் வண்டியை பண்டாரவளைக்கோ வெலிமடைக்கோ கொண்டுபோய்விடுங்கள், இந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும்போது ஊவாவில் கச்சான் காற்று எல்லாவற்றையும் காயவைத்துக்கொண்டிருக்கும். சுற்றுலா போவதற்கும் அதே கணக்கு உதவும். தூக்கும் கூரையின் கென்வஸை ஈரத்தோடு மடித்துப் பூட்டினால் ஒரு வாரத்தில் கரும்பூசணம் பிடிக்கும், வீட்டுக்கு வந்ததும் திறந்து காயவிடுங்கள். சுவருக்குக் குளிர் தடுப்பு வைக்கும்போது தண்ணீர் குடிக்காத நுரைத் தகடாகப் பார்த்து வாங்குங்கள், பஞ்சு வகை வேண்டாம், அது உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டை அரிக்கும்.

சமையலுக்குச் சின்ன கேஸ் சிலிண்டர் போதும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கு அடியில் வெளியே திறக்கும் துளை விட வேண்டும். ஜனவரியில் நுவரெலியாவில் பனி உறைந்து தேயிலை கருகும் விடியற்காலையில் அடுப்பு பொட்டுப் பொட்டென்று எரிந்தால் சிலிண்டர் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டு கேஸில் பியூட்டேன் கூடுதல், அது பூச்சியம் பாகை அளவில் ஆவியாகவே மறுக்கும். சிலிண்டரை முந்திய இரவே வண்டியின் சூடான பக்கத்தில் வைத்தால் போதும், சுடுதண்ணீர் ஊற்றுவது, நெருப்புக் காட்டுவது எல்லாம் கூடாது. குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பது இன்னும் மோசம், கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, எழும்ப மாட்டீர்கள். வண்டியின் சொந்த ஹீட்டரும் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பெட்டியில் சூடாகும் காற்றைத்தான் எடுக்கிறது, அந்தப் பெட்டி துருப்பிடித்து ஓட்டையாக இருந்தால் புகை நேரே உள்ளே வரும், சரிபார்க்கும் வரை ஹீட்டரைத் திறக்காதீர்கள். நல்ல கம்பளிக்குக் காசு செலவழியுங்கள்.

கரண்ட் விஷயம் சுருக்கமாக. பழைய டைனமோ 30 அம்பியர் சொச்சம்தான் தரும், அதில் ஹெட்லைட், வைப்பர், பிரிட்ஜ் மூன்றையும் தொங்கவிட முடியாது. வீட்டுச் சாமானுக்குத் தனியாக 100 அம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி ஒன்று, ஈயப் பற்றரியின் பாதி நிறை கூட வராது. ஓடும்போது அளவாகச் சார்ஜ் ஏற நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜர், முடிந்தால் டைனமோவைக் கழற்றிவிட்டு அல்டர்நேட்டர். சோலார் போடுங்கள், ஆனால் பனிமூட்ட நாளில் அதை நம்பி ஐஸ்கிரீம் வைக்காதீர்கள்.

ஜப்பான் வேன் இன்ஜினை இறக்கிப் போடலாமா என்று கேட்டதற்கு: எனக்கு விருப்பமில்லை. ரேடியேட்டருக்கு இடம், கியர்பொக்ஸ் பொருத்தம், பின்பாரம் என்று வேலை வளர்ந்துகொண்டே போகும், அந்தக் காசுக்கு டொயோட்டா டொல்பின் வேன் ஒன்றை வாங்கிக் கேம்பராக்கினால் ஹட்டன் டவுனிலேயே பார்ட்ஸ் கிடைக்கும். கொம்பிக்கு கொழும்பு பஞ்சிகாவத்தையில் கொஞ்சம் தேடலாம், மிச்சத்தை வெளிநாட்டில் இருந்து வரவழைக்க வேண்டும். தவிர, இன்ஜின் இலக்கம் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் பதிந்தது, மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வேண்டும், 2020இல் இறக்குமதி நின்ற பிறகு பழைய வண்டி விலைகள் ஏறிய ஏற்றத்தில் புத்தகமும் வண்டியும் ஒத்துப்போகாதவையும் கைமாறியிருக்கின்றன. நீங்கள் பார்த்த வண்டியிலும் முதலில் பின்பக்கம் குனிந்து இன்ஜின் இலக்கத்தைத் துடைத்துப் படித்து, செசி இலக்கத்தோடு சேர்த்துப் புத்தகத்தில் ஒப்பிடுங்கள். இரண்டும் சரியாக இருந்து, முன் சில்லில் டிஸ்க்கும் இருந்து, தவாளி முழுக்கப் புட்டியாக இல்லாவிட்டால், விலை பேசத் தொடங்கலாம்.