அக்ரிலிக்கை அறுக்க வேண்டாம், கீறி உடையுங்கள்

ரங்கூன் தாம்வேயிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "சாமி அலமாரியின் கண்ணாடிக் கதவு உடைந்துவிட்டது. பிள்ளைகள் ஓடியாடும் வீடு என்பதால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) போடலாம் என்று 2 அடிக்கு 4 அடி தாள், 3 மி.மீ. கனத்தில் வாங்கினேன். கதவுக்கு 22 அங்குலத்துக்கு 18 அங்குலம் வேண்டும். கரெண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாததால் மிஷினை நம்ப முடியவில்லை. கட்டர் கத்தியால் கோடு போட்டு உடைத்தேன். பாதி வரை நேராக வந்து, அப்புறம் ஓரத்துக்கு ஓடிவிட்டது. மீதி 30 அங்குலம் இருக்கிறது. கையாலேயே வெட்ட வழி உண்டா?"

உண்டு. பெயர்ப்பலகை வேலையில் 3 மி.மீ. தாளை நேர்கோட்டில் வெட்ட நான் மிஷினைத் தொடுவதே இல்லை. கையால் கீறி உடைப்பதுதான் சுத்தமாக வரும். மிஷினில் பிளேடு சூடானால் அக்ரிலிக் உருகி, அறுத்த இடமே திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் தாள் கோணலாகப் போனதற்குக் கத்திதான் காரணம். கத்தியின் கூர்முனை அக்ரிலிக்கைச் சுரண்டி எடுப்பதில்லை, இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளுகிறது. மேலே கோடு தெரியும், உள்ளே பள்ளம் இருக்காது. நமக்கு வேண்டியது 'வி' வடிவத்தில் ஒரு பள்ளம். அழுத்தும்போது வெடிப்பு அதன் அடியில் பிடித்துக்கொண்டு நேராக ஓடும். இதற்கென்றே கொக்கி போல வளைந்த முனையுள்ள அக்ரிலிக் கட்டர் இருக்கிறது, ஓல்ஃபா போன்ற கம்பெனிகள் செய்கின்றன. கிடைக்காவிட்டால் கட்டர் கத்தியின் பிளேடைத் திருப்பி, கூரில்லாத முதுகுப் பக்கத்து முனையால் சுரண்டுங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் வேலை நடக்கும்.

முதலில் கெட்டுப்போன துண்டை எடுத்து அதில் பழகுங்கள். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை உரிக்காதீர்கள், கோடும் அதன் மேலேயே போடுங்கள். இரும்பு ஸ்கேலையோ நேரான அலுமினியப் பட்டையையோ கோட்டில் வைத்து, இரண்டு முனையிலும் சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வீட்டில் யாரையாவது பிடிக்கச் சொன்னால் மூன்றாவது இழுப்பில் ஸ்கேல் நகர்ந்துவிடும், கிளாம்பே நல்லது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

முதல் இரண்டு மூன்று தடவை அழுத்தாமல், வழி காட்டுவது போல மட்டும் இழுங்கள். அப்புறம் ஒரே அழுத்தத்தில், உங்களை நோக்கி, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. சரியாகக் கீறினால் கொக்கிக்கு முன்னால் இடியாப்ப நூல் போல ஒரு வெள்ளைச் சுருள் எழும்பி வரும். தூள் மட்டும் வந்தால் சாய்வு சரியில்லை, கையைச் சற்று உயர்த்தியோ தாழ்த்தியோ பாருங்கள். 3 மி.மீ. தாளுக்குப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு, பள்ளம் 1 மி.மீ. வரை இறங்க வேண்டும். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் தடுக்கி நிற்கும்.

பெரும்பாலோர் தவறுவது கோட்டின் இரண்டு முனைகளில்தான். ஸ்கேல் முடியும் இடத்தில் கை தானாக லேசாகிவிடும், கடைசி அரை அங்குலத்தில் பள்ளம் ஆழமில்லாமல் நின்றுவிடும். வெடிப்பு அங்கே வந்ததும் வழி தெரியாமல் திரும்பிவிடும். கட்டர் தாளின் ஓரத்தைத் தாண்டி வெளியே விழும் வரை இழுங்கள். கடைசியாக, இரண்டு முனையிலும் தனியாக இரண்டு மூன்று கீறல் கூடுதலாகக் கொடுங்கள்.

உடைக்கும்போது கீறல் மேலே பார்த்திருக்க வேண்டும், மேசை விளிம்புக்கு நேர் மேலே. மேசை மேல் இருக்கும் பக்கத்தில் ஒரு நீளக் கட்டையை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். வெளியே நீட்டியிருக்கும் பக்கத்தை இரண்டு உள்ளங்கையாலும், நன்றாக இடைவெளி விட்டு, கீழ்நோக்கி ஒரே தள்ளு. 'டப்' என்று போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் பார்ப்பதுதான் கோணல் உடைப்புக்கு இன்னொரு காரணம். உடையாமல் தகரம் போல வளைந்துகொண்டே போனால் கையில் இருப்பது அக்ரிலிக் அல்ல, பாலிகார்பனேட் என்ற வேறு பிளாஸ்டிக். அது இந்த முறைக்கு மசியாது.

வெட்டும் வரிசையும் முக்கியம். முதலில் 24 அங்குல அகலத்தில் குறுக்கே வெட்டி 18 அங்குலத் துண்டைப் பிரியுங்கள். அப்புறம் ஓரத்து 2 அங்குலத்தை எடுங்கள். அப்போது பட்டை 18 அங்குல நீளம்தான் இருக்கும், சுலபமாக உடையும். ஒன்றரை அங்குலத்துக்குக் குறைவான பட்டை கையால் உடைவது கடினம், அதற்கு ஆக்சா பிளேடுதான். 6 மி.மீ.க்கு மேல் போனாலும் அப்படித்தான்: அங்குலத்துக்கு 24 அல்லது 32 பல் உள்ள பிளேடு, இரண்டு பலகைக்கு நடுவே தாள், மெதுவான அறுப்பு, நடுநடுவே ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர்.

அளவில் ஒரு விஷயம். சட்டத்தின் காடி, அதாவது தாள் உட்காரும் பள்ளம், சரியாக 22க்கு 18 என்றால் தாளை இரண்டு பக்கமும் 2 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். அக்ரிலிக் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு, சுமார் 0.07 மி.மீ. நீளும். நம் ஊர் தை மாத விடியற்காலைக்கும் சித்திரை மத்தியானத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 22 அங்குலத்தில் அது முக்கால் மி.மீ.க்கு மேல். மழைக்காலத்தில் மரச் சட்டமும் ஊதும். இடம் விடாவிட்டால் கதவு நடுவில் புடைக்கும்.

விளிம்பைக் கத்தி முதுகால் ஒருமுறை சீவிவிட்டு, 220, 400, 600 நம்பர் என்று வரிசையாகத் தண்ணீர் உப்புத்தாளில் தேயுங்கள். முகத்துக்குப் பூசும் தனக்கா மரத்தை அரைக்கிற மாதிரி வட்டமாக வேண்டாம், நீளவாக்கில் ஒரே திசையில். சட்டத்துக்குள் மறைகிற விளிம்புக்கு 220 போதும்.

கைப்பிடிக்குத் துளை வேண்டுமானால், கையால் சுற்றும் துளைப்பானில், அடியில் மரக்கட்டை வைத்து, மெதுவாக. துளை திருகாணியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். ஓரத்துக்கு மிக அருகில் போடாதீர்கள், அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சாமி அலமாரி. அக்ரிலிக் 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும், தீ பிடித்தால் நன்றாக எரியும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அகல் எரியவிட்ட பழக்கத்தை இதில் தொடரக் கூடாது. விளக்கை அலமாரிக்கு வெளியே, கதவிலிருந்து தள்ளி வையுங்கள். கற்பூரமும் ஊதுபத்தியும் அப்படியே. விளக்கு உள்ளேதான் எரிய வேண்டும் என்றால் அக்ரிலிக்கை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டு, கண்ணாடியே போட்டுவிடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க ஸ்பிரிட், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் எதுவும் ஆகாது, நூல் நூலாக வெடித்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பருத்தித் துணியும் போதும். மாட்டும்போது காகிதத்தை ஓரத்தில் மட்டும் அரை அங்குலம் உரித்துச் சட்டத்தில் பொருத்துங்கள். கதவு தொங்கி, கீல் சரியாகி, ஆணி அடித்து முடித்த பிறகு நடுவில் உள்ளதை உரித்துக்கொள்ளலாம்.