‘கஸ்மாலம்’ என்று திட்டினால் கேஸ் போடலாமா?

கேள்வி: குழாயடித் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் நாலு பேர் எதிரில் என்னை ‘கஸ்மாலம், பேமானி’ என்று திட்டிவிட்டார். கஸ்மாலம் கீதையில் வருகிற சொல், கேஸ் நிற்காது என்கிறார் ஒருவர். ஐயாயிரம் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். போட வைக்கிறேன் என்கிறார் இன்னொருவர். என்ன செய்யலாம்?

பதில்: கீதையில் வருவது உண்மைதான். 2-ஆம் அத்தியாயம், 2-ஆம் சுலோகத்தில், துவண்டுபோன அர்ச்சுனனிடம் ‘இந்தக் கஸ்மலம் உனக்கு எங்கிருந்து வந்தது?’ என்கிறார் கண்ணன். சோர்வு, மயக்கம், அழுக்கு என்று வடமொழியில் பல பொருள். சென்னையில் அழுக்கு மட்டும் தங்கி, ஆள்மேல் ஒட்டிக்கொண்டது. பேரனைச் செல்லமாகத் திட்டும் ஆயாவுக்கும் அதுதான், குறுக்கே வரும் வண்டிக்காரனுக்கும் அதுதான். பேமானி உருது வழி வந்த பாரசீகம், நாணயமில்லாதவன். ஆனால் நீதிமன்றம் வேர்ச்சொல்லைத் தேடாது. எங்கே, எந்த நோக்கத்தில் சொன்னார் என்றுதான் கேட்கும்.

நம் ஸ்டேஷன்களில் வாய்த்தகராறு என்றாலே பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), அதாவது அதன் இடத்தில் இப்போது வந்திருக்கும் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தின் 296(பி)-யை எழுதிவிடுவார்கள். அது ஆபாசப் பேச்சுக்கான பிரிவு. வெறும் வசவு ஆபாசமாகாது என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் கை பழைய பழக்கத்திலேயே ஓடுகிறது! சண்டை மூட்டும் நோக்கத்தோடு அவமதித்தால் பி.என்.எஸ். 352-ஆம் பிரிவு. அதில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. அப்புறம் அந்த ஐயாயிரம் எதற்கு? ‘ஸ்டேஷன்ல நம்ம ஆளு இருக்காரு’ என்பவரை வாசலோடு அனுப்புங்கள். புகார் கொடுக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது.

ஒன்றை மட்டும் நன்றாக யோசியுங்கள். திட்டோடு சாதிப் பெயரும் வந்ததா? நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து, திட்டியவர் அப்படி இல்லாமல், பொதுப் பார்வையில் சாதி சொல்லித் திட்டியிருந்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். முன்ஜாமீன் எளிதல்ல. நாலு சுவருக்குள் யாரும் பார்க்காமல் சொன்னது இதில் வராது, உங்களுடையது தெரு. ஆனால் சொல்லாத சாதிப் பெயரைச் சேர்த்து எழுதச் சொல்வார்கள் இதே தரகர்கள். எழுதாதீர்கள், குறுக்கு விசாரணையில் மாட்டுவது நீங்கள்தான்.

சாதி வரவில்லையென்றால், நடந்ததைத் தேதி, நேரம், கேட்டவர்கள் பெயரோடு ஒரே பக்கத்தில் எழுதி ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்குங்கள். திட்டிய சொற்களை அப்படியே எழுதுங்கள். ‘தகாத வார்த்தை’ என்று நாகரிகமாக எழுதினால் எவருக்கும் எதுவும் புரியாது.