மஃப்ளரை குழாயா பின்னுங்க!

கேள்வி: வணக்கம் ஆச்சி. நான் தேவகோட்டை. டொரண்டோல இருக்க அண்ணனுக்கு பெரு நாட்டு ஸ்டைல்ல கலர் கலரா ஒரு மஃப்ளர் பின்ன ஆரம்பிச்சேன். பத்து இஞ்ச் வர்றதுக்குள்ள ஓரமெல்லாம் சுருண்டுக்குது, பின்பக்கம் நூலா தொங்கி விரல் மாட்டுது, பின்பக்கத்தைப் பாத்து பின்னுற பர்ல் வரிசைல டிசைனும் குழம்புது. பிரிச்சிடவா?

பதில்: பிரிச்சிருத்தா. மனசு கேக்காதுதான், ஆனா தட்டையா பின்னுற வரைக்கும் இந்த மூணு தொல்லையும் போகவே போகாது. ரெண்டு ஊசி முனையையும் ஒரு ஒயர் சேக்குற வட்ட ஊசி வாங்கி குழாயா பின்னு. எப்பவும் நல்ல பக்கமே உன்னைப் பாத்திருக்கும், பர்லே வேணாம், தொங்குற நூலெல்லாம் உள்ள போயிரும், ஓரம்னு ஒண்ணு இருந்தாத்தானே சுருளும்! ரெண்டு மடிப்பு ஆயிடறதால அந்த ஊர் குளிருக்கும் நல்லா தாங்கும்.

பெருவுல டிட்டிகாகா ஏரில டாக்கீலேன்னு ஒரு தீவு, அங்க நிட்டிங் ஆம்பளைங்க வேலை, சின்னப் பையன்லயே கத்துக்கிட்டு சுல்லோங்கிற காது மூடுற தொப்பியை மெல்லிசு ஊசில வட்டமாத்தான் பின்னுவாங்க, அவங்க துணிக்கலையை 2005ல யுனெஸ்கோவே மனித குலத்தோட மரபுச் செல்வம்னு அறிவிச்சுச்சு. அதனால குழாயா பின்னுறது குறுக்கு வழின்னு நினைச்சிராத.

கணக்கு இதான்: 4 எம்எம், 40 செமீ வட்ட ஊசி, 96 கண்ணி. ஏன் 96ன்னா 4, 6, 8, 12 எதுல வகுத்தாலும் மீதி வராது, பட்டைக்குப் பட்டை டிசைன் மாத்தலாம். நடுத்தர நூல்ல அகலம் ஒரு 22 செமீ வரும், ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு 400 கிராம் கிட்ட வாங்கி வச்சுக்க. ஒரு வரிசைல ரெண்டு கலருக்கு மேல வேணாம், அஞ்சு கண்ணிக்கு மேல ஒரு நூல் பின்னாடி சும்மா ஓடுச்சுன்னா நடுவுல ஒரு தடவை பின்னுற நூலோட முறுக்கிக்க. கலர் மாத்துறப்ப வலது ஊசில இருக்க கண்ணியை நல்லா விரிச்சு விட்டுக்க, இல்லன்னா துணி சுருங்கி இழுத்துக்கும், நிறைய பேர் சறுக்குறது இங்கதான்.

கலருக்கு எங்கயும் போக வேணாம், பீரோவுல இருக்க கண்டாங்கிச் சேலையை எடுத்து விரிச்சுப் பாரு, அரக்கு, கடுகு மஞ்சள், கருப்பு எல்லாம் அதுலயே இருக்கு. பெருவுல சப்பாத்திக்கள்ளில வாழுற கொச்சினீல் பூச்சிலேர்ந்து சிவப்பு எடுப்பாங்க, நம்ம அரக்குச் சிவப்பும் பூச்சி கொடுத்ததுதானே, அதான் ரெண்டும் பக்கத்துல வச்சா சொந்தம் மாதிரி சேருது, எனக்கு இது நினைக்க நினைக்க ஆசையா இருக்கு. ஆனா அரக்கையும் கருப்பையும் ஒட்டி வச்சா டிசைன் தெரியாது, நூல்களை சேத்து வச்சு போன்ல கருப்பு வெள்ளையா ஒரு போட்டோ எடு, ஒரே சாம்பலா தெரியிற ஜோடியை விட்டுரு.

எங்க ஆயா ஓலைக் கொட்டானுக்கு (கூடைக்கு) க்ரோஷா உறை போடுறப்ப விடியக்காலை வளவுலதான் (வீட்டு முற்றத்துல) உக்காருவாக, கை வேர்த்தா நூல் அழுக்காயிரும்னு. உல்லனுக்கு அது ரொம்பவே பொருந்தும்.

பிரிச்ச நூலை தண்ணில நனைச்சு தொங்க விடு, சுருக்கம் போயிரும். அக்ரிலிக்னா ஆவில மட்டும் காட்டிராத, துவண்டுரும்.