தனித் தட்டு

அன்புள்ள ஐயா,

மேரிலாந்தில் சில்வர் ஸ்பிரிங்கில் வசிக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய எத்தியோப்பிய உணவகம் இருக்கிறது. கணவன், மனைவி, வயதான தாயார் மூவரும் நடத்துகிறார்கள். போன மாதம் நாங்கள் நால்வரும் போனோம். சைவம் என்று சொன்னதும் அந்த அம்மாள் முகம் மலர்ந்து, பெரிய வட்டத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். எல்லோருக்கும் சேர்த்து அந்த ஒரே தட்டுதான். என் மனைவிக்கு அது ஒத்துவரவில்லை. தனித்தனித் தட்டு கேட்டு வாங்கிக்கொண்டோம். சுத்தத்தைப் பற்றிய கவலைதான், வேறொன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு நடுவே அந்தத் தாயார் இன்ஜெரா என்ற அவர்கள் அப்பத்தைப் பிய்த்து மடித்து என் சின்ன மகளுக்கு ஊட்ட வந்தார். அவள் வாயைத் திறந்துவிட்டாள். மனைவி அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அதன்பிறகு பார்சல் மட்டும் வாங்குகிறோம். சாப்பாடு அவ்வளவு நன்றாக இருக்கிறது.

என் கேள்வி இது. இன்ஜெரா பார்வைக்கும் புளிப்புக்கும் நம் தோசையைப் போலவே இருக்கிறது. கடல் வணிகம் செய்த பழந்தமிழர் வழியாகத் தோசை அங்கே போயிருக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

தோசை போகவில்லை. இன்ஜெரா டெஃப் என்ற தானியத்தின் மாவில் செய்வது. கசகசா அளவே இருக்கும் அந்தத் தானியம் எத்தியோப்பிய மேட்டுநிலத்திலேயே மிகப் பழங்காலத்தில் பயிராக்கப்பட்டது. மாவைக் கரைத்து, முந்தைய மாவின் மேல் தெளிந்த மஞ்சள் நீரை உறையாக ஊற்றி, சில நாள் புளிக்க வைத்து, அதில் ஒரு பங்கைக் காய்ச்சித் திரும்பவும் கலந்து, அகலமான வட்டக் கல்லில் ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து எடுப்பார்கள். உளுந்து கிடையாது, அரிசி கிடையாது. செங்கடல் கரையில் அதூலிஸ் துறைமுகத்துக்கும் இந்தியக் கரைக்கும் கப்பல் ஓடியது உண்மை. கப்பல் ஓடியதாலேயே தோசைக்கல்லும் ஏறிப் போயிற்று என்று ஆகிவிடாது. இன்னொருவர் வீட்டில் நல்ல சாப்பாட்டைக் கண்டதும் அதற்கு நம் பெயரில் பத்திரம் எழுதும் பழக்கத்தை உங்கள் நண்பர்கள் விட வேண்டும். இதைப் பற்றி இவ்வளவு போதும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறங்கவிடாமல் செய்தது அந்தத் தட்டு.

நீங்கள் சைவம் என்றதும் அந்த அம்மாள் ஏன் மகிழ்ந்தார் என்று யோசித்தீர்களா? எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் நோன்பு. ஈஸ்டருக்கு முன்னால் தொடர்ந்து 55 நாள் நோன்பு. இன்னும் பல நோன்புகள் உண்டு. ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் இப்படியே போகும். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை மட்டுமல்ல, பாலும் வெண்ணெயும்கூடத் தொடமாட்டார்கள். உங்கள் முன்னால் வைத்த மைசூர்ப் பருப்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், கடலைமாவில் கிண்டிய ஷிரோ எல்லாம் அவர்கள் தலைமுறை தலைமுறையாக நோன்புக்குச் சமைப்பவை. விருந்தாளிக்காகச் செய்த சலுகை அல்ல. தன் வீட்டு நோன்புச் சாப்பாட்டைக் கேட்டு ஒரு குடும்பம் வந்திருக்கிறது என்று அவர் மகிழ்ந்திருப்பார். அந்தத் தட்டைத்தான் நீங்கள் பிரித்தீர்கள்.

உங்கள் மனைவியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உறவினர் யாரும் அருகில் இல்லாத ஊரில் குழந்தையை வளர்ப்பவருக்கு ஆயிரம் அச்சங்கள் இருக்கும். அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கோபம் உங்கள் மேல்தான். ஒத்துவராதது அவருக்கு என்று எழுதிவிட்டு, தட்டு கேட்டு வாங்கும்போது ‘வாங்கிக்கொண்டோம்’ என்கிறீர்கள். மனைவியின் பின்னால் நின்றுகொண்டு எழுதாதீர்கள்.

சுத்தம் என்கிறீர்கள். அந்த மேசையின் ஒழுங்கைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம். சாப்பிடும் முன் எல்லோரும் கை கழுவுவார்கள். அவர்கள் நாட்டு வீடுகளில் கூஜாவும் தாம்பாளமும் உட்கார்ந்த இடத்துக்கே வரும். வலக்கை மட்டும். இன்ஜெராவைப் பிய்த்து, அதாலேயே குழம்பைச் சுற்றி எடுப்பதால் விரல் குழம்பில் படாது. விரலை நக்குவது அநாகரிகம். தட்டின் எதிர்ப்பக்கம் கை நீட்டுவதும் அநாகரிகம். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் உண்ண வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு நம் பந்திகளில்கூட இல்லை.

ஒருவர் மடித்த கவளத்தை அடுத்தவர் வாயில் வைப்பதை குர்ஷா என்கிறார்கள். பெரியவர் சிறியவருக்கும், விருந்தளிப்பவர் விருந்தாளிக்கும், நண்பன் நண்பனுக்கும் ஊட்டுவார்கள். வாங்கியவர் திருப்பி ஊட்ட வேண்டும். உங்கள் மகளுக்கு இது யாரும் சொல்லாமலே புரிந்துவிட்டது. நம் வீடுகளிலும் பாட்டி சட்டியில் பிசைந்த குழம்புச் சோற்றைச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளின் கையில் உருட்டி வைத்ததுண்டு. நம்முடைய கவளம் ரத்த உறவோடு நின்றுவிட்டது. வாசலைத் தாண்டினால் இலை வேறு, குவளை வேறு. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவர்களைக் கேட்டாலும் சுத்தம் என்றுதான் சொல்வார்கள்.

என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில காலமாகவே அவரைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். பேரரசர் ஹைலே செலாசி ஆட்சியில் எத்தியோப்பியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். கேரளத்தவர் அதிகம், தமிழ்நாட்டிலிருந்தும் போனார்கள். பெரியப்பா ஜிம்மாவில் கணக்கு வாத்தியார். சைவம். அவர் குடியிருந்த வீட்டுக்காரர்கள் நோன்பில்லாத நாளிலும் அவருக்காக எண்ணெயில் தனியாக ஒரு ஷிரோ வைத்து, அதையும் பொதுத் தட்டிலேயே ஊற்றி, அவரையும் சுற்றி உட்காரவைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர் வேறு மதம், வேறு நிறம், வாடகைக்கு வந்தவர்.

விடுமுறைக்கு அவர் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நடந்தது இது. எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொண்டவரின் மகன், என் வயதுப் பையன், பின்வாசலில் நின்றுகொண்டிருந்தான். பெரியப்பா எழுந்து போய் அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார். தம் இலைக்கு எதிரே உட்காரவைத்து, பருப்புச் சோற்றை உருட்டி அவனுக்கு ஒரு கவளம் ஊட்டினார். பிறகு, “இப்போது நீ எனக்கு ஊட்டு” என்றார். பையன் நடுங்கிக்கொண்டே ஊட்டினான். ஆச்சி பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் போனதும் சாணம் கரைத்து அந்த இடத்தை மெழுகினாள். பெரியப்பா ஏன் என்று கேட்டார். “சுத்தம்தான், வேறென்ன” என்றாள். என்னை வளர்த்தவள் அவள். பசித்து வந்த யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பாதவள். எல்லோருக்கும் போட்டாள், யாரோடும் உண்ணவில்லை. அந்தப் பையன் மறுபடியும் எங்கள் பின்வாசலுக்கு வரவே இல்லை, தகப்பன்தான் வந்தார்.

நீங்கள் அப்படி எதையும் நினைத்துத் தட்டு கேட்கவில்லை என்று நம்புகிறேன். நினைக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் உள்ள கொடுமை. நினைப்பதற்கு முன்பே கை தட்டைத் தள்ளிவைத்துவிடுகிறது. காரணத்தைப் பிறகு தேடிக்கொள்கிறோம்.

உங்களுக்கு ஊட்ட வந்தவர்கள் யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1974இல் பேரரசரை இறக்கிவிட்டு ராணுவக் குழு ஆட்சியைப் பிடித்தது. 1977, 78இல் மாணவர்களையும் இளைஞர்களையும் தெருவில் சுட்டுப் போட்டார்கள். பெரியப்பா அதற்கு முன்பே திரும்பிவிட்டார். தம்மிடம் படித்த பிள்ளைகளில் யார் பிழைத்தார்கள் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. தப்பியவர்களில் பலர் சூடான் வழியாக அகதிகளாக அமெரிக்காவுக்கு வந்தார்கள். வாஷிங்டனில் ஆடம்ஸ் மார்கன் பகுதியில் உணவகங்கள் வைத்தார்கள். வாடகை ஏறியபோது ஒன்பதாம் தெருவுக்கும் யூ தெருவுக்கும் நகர்ந்தார்கள். பிறகு அங்கும் ஏற, உங்கள் சில்வர் ஸ்பிரிங்குக்கும் அலெக்சாண்ட்ரியாவுக்கும் வந்தார்கள். 1984, 85 பஞ்சத்தின் படங்கள் உலகெங்கும் போனபோது, எத்தியோப்பிய உணவகத்தில் காலித் தட்டுதான் கிடைக்கும் என்று அமெரிக்காவில் கேலி பேசினார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு அதே பெரிய தட்டை எல்லோருக்கும் வைத்தவர்கள் இவர்கள். அதில் கை வைக்க நமக்கு என்ன தயக்கம்?

பார்சல் வாங்குவதை நிறுத்துங்கள். டப்பாவில் ஆவி கோத்து இன்ஜெரா கெட்டுவிடும். அந்தச் சாப்பாட்டில் மிகச் சிறந்த பகுதி கடைசியில் வருவது: எல்லாக் குழம்பும் ஊறி இறங்கிய, தட்டின் அடியில் விரித்த இன்ஜெரா. அதைச் சுற்றி உட்கார்ந்து பிய்த்துத்தான் உண்ண முடியும். பிறகு காப்பி. பச்சைக் கொட்டையை உங்கள் கண்முன் வறுத்து, புகையை முகர்ந்து பார்க்க ஒவ்வொருவரிடமும் கொண்டுவருவார்கள்; சாம்பிராணி மணக்கும். அபோல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்றோடு எழுந்துவிடாதீர்கள்.

சில நடைமுறைகள். நோன்பில்லாத நாளில் ஷிரோவிலும் பருப்பிலும் மசாலா போட்டுக் காய்ச்சிய வெண்ணெய் சேர்வதுண்டு. வேண்டாமென்றால் நோன்புச் சாப்பாடு என்று கேளுங்கள். எந்த நாளிலும் புரிந்துகொள்வார்கள். மகளுக்குக் காரம் தாங்காது என்றால் அந்த மஞ்சள் பட்டாணிப் பருப்பை அவள் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். அதில் பெர்பெரே மிளகாய்ப்பொடி சேராது. அந்தத் தாயார் அவளுக்கு ஊட்டினால், நீங்கள் அவருக்கு ஒரு கவளம் ஊட்டுங்கள். கவளம் பெரிதாக இருக்கட்டும். சிறிதாக வைத்தால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்.