வேலைநிறுத்த நாளுக்கு 17(ஆ) குறிப்பாணை: மன்னிப்புக் கடிதம் கொடுக்கலாமா?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். சங்கம் அறிவித்த ஒருநாள் அடையாள வேலைநிறுத்தத்தன்று தற்செயல் விடுப்பு கேட்டு, முந்தைய நாளே தலைமையாசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். விடுப்பை ஏற்கவில்லை. ஒருநாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டு, இப்போது 17(ஆ) குறிப்பாணையும் (ஒழுங்கு நடவடிக்கை விதிப்படி தரும் குற்றச்சாட்டுக் கடிதம்) தந்திருக்கிறார்கள். "கைநிறையச் சம்பளம் வாங்குறவங்களுக்கு எதுக்குப் போராட்டம்? பேசாம மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துடுங்க" என்கிறார் கொழுந்தனார். வேலைநிறுத்தம் என் உரிமை இல்லையா?

பதில்: மன்னிப்புக் கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உரிமை விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இன் விதி 22 வேலைநிறுத்தத்தையும் அதைத் தூண்டுவதையும் தடை செய்கிறது. கோரிக்கைக்காக அனுமதியின்றிப் பணிக்கு வராமலிருப்பதும், உண்ணாவிரதமும்கூட அந்த விதிக்குள் வருகின்றன. பேருந்து ஓட்டுநரும் ஆலைத் தொழிலாளியும் முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து வேலைநிறுத்தம் செய்யலாம். தொழில் உறவுச் சட்டம் தரும் அந்த வழி உங்களுக்கு இல்லை. கூட்டங்களில் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பணி நேரத்துக்கு வெளியே, அலுவலக வளாகத்துக்கு வெளியே அமைதியாக ஆர்ப்பாட்டம் செய்வது வேறு. அதை ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய முடியாது என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் சொல்லிவிட்டது.

2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1.7 லட்சம் ஊழியர்களைத் தமிழக அரசு விசாரணையின்றி வீட்டுக்கு அனுப்பியது. அதை எதிர்த்துப் போன டி.கே.ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியர் நின்றால் மாணவரும், மருத்துவர் நின்றால் நோயாளியும் பாதிக்கப்படுகிறார்கள், கூடுதலாக உழைத்துக் காட்டினால் மக்களே பாராட்டுவார்கள் என்ற தொனி அதில் உண்டு. உங்கள் கொழுந்தனார் பேசுவதும் அதே பேச்சுதான். மக்கள் மனநிலை தீர்ப்புக்குள்ளும் வந்துவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். ஆனால் 1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்தில் சேர்க்கப்படவில்லை என்பதும், பங்களிப்பு ஓய்வூதியத்துக்காக அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 10 சதவீதம் பிடித்தம் ஆனதும் பொதுமக்களில் பலருக்குத் தெரியாது. அதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். குறிப்பாணைக்கான பதிலில் மட்டும் எழுதாதீர்கள்.

ஒருநாள் சம்பளப் பிடித்தத்தை எதிர்ப்பதில் பயனில்லை. நான்கு மணி நேர வேலைநிறுத்தத்துக்கு முழுநாள் ஊதியத்தையும் பிடிக்கலாம் என்று 1990-இல் கேலாவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தொகையை மட்டும் சரிபாருங்கள். மாத ஊதியம் 62,000 ரூபாய், அந்த மாதத்துக்கு 31 நாள் என்றால் 2,000 ரூபாய்தான் போக வேண்டும்.

குறிப்பாணைதான் பெரிய விஷயம். 17(அ) சிறு தண்டனைக்கானது, விளக்கம் வாங்கியே முடித்துவிடலாம். 17(ஆ) பதவி நீக்கம் வரை போகக்கூடியது. அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வருவது கடினம்.

உறையைப் பிரித்ததும் நான்கு இணைப்புகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்: குற்றச்சாட்டு, அதன் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல். கையெழுத்திட்டவர் உங்களைத் தண்டிக்கும் அதிகாரம் உள்ளவர்தானா என்றும் பாருங்கள். பட்டியலில் உள்ள ஆவணங்களின் நகல் தரப்படவில்லை என்றால், அவற்றைக் கேட்டும் பதிலுக்குக் கால நீட்டிப்புக் கேட்டும் உடனே எழுதி, ஒப்புகை வாங்கிவிடுங்கள். குறித்த நாளைத் தாண்டவிட்டால், விளக்கம் தரவில்லை என்று பதிவு செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பதிலில் வேலைநிறுத்தத்தின் நியாயத்தை வாதாடாதீர்கள். 'கோரிக்கைக்காகக் கலந்துகொண்டேன்' என்ற ஒரு வரி விதி 22-ஐ மீறியதாக ஒப்புக்கொள்வதாகிவிடும். நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதமும் அப்படித்தான். ஒப்புக்கொண்டபின் விசாரணைக்கே வேலையில்லை, நேரே தண்டனைதான். 2003-இல் மன்னிப்பும் உறுதிமொழியும் கொடுத்தவர்கள் பணிக்குத் திரும்பினார்கள் என்பது உண்மை. அது நீதிமன்ற உத்தரவின்படி, வேலையே போன நிலையில் கொடுத்தது. உங்கள் நிலை அதுவல்ல.

நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு விடுப்புச் செய்தி அனுப்பினீர்கள், எப்போது நிராகரித்தார்கள், அது உங்களுக்கு எப்படித் தெரிவிக்கப்பட்டது. நிராகரிப்பு வேலைநிறுத்த நாள் மாலைதான் வந்ததென்றால் அது வலுவான வாதம். பணிக்கு வராதது வேண்டுமென்றே செய்தது என்று நிரூபிக்க வேண்டியது நிர்வாகம் என 2012-இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அன்று மறியலில் நின்ற புகைப்படம் முகநூலில் இருந்தால் இந்த வாதம் நிற்காது. பொய் எழுதாதீர்கள். அந்த நிலையில், ஒருநாள்தான், முந்தைய குற்றம் எதுவும் இல்லை, சம்பளமும் பிடித்தாகிவிட்டது என்று தண்டனையின் அளவைப் பற்றி மட்டும் பேசுங்கள். வாட்ஸ்அப் திரைப்பதிவை அச்செடுத்து இணையுங்கள், செய்தியை அழிக்காதீர்கள். கடைசி வரியாக, வாய்மொழி விசாரணை வேண்டும் என்று கேளுங்கள்.

குறிப்பாணை நிலையிலேயே உயர் நீதிமன்றம் போகத் துடிக்க வேண்டாம். அதிகாரமில்லாதவர் கொடுத்தது போன்ற குறை இருந்தாலன்றி நீதிமன்றங்கள் அந்தக் கட்டத்தில் தலையிடுவதில்லை. போராட்ட காலக் குறிப்பாணைகளை அரசே பின்னர் கைவிட்டதுண்டு. 2019 ஜனவரி வேலைநிறுத்தத்துக்கான நடவடிக்கைகள் 2021-இல் அப்படி முடிந்தன. அந்த உத்தரவின் நகலைச் சங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்டனை வந்தால், மேல்முறையீட்டில் இணைக்க அது உதவும்.